நானூத்திப் பதினோராம் பக்கம்

ஏனுங்க, அந்தப் பையைக் கொஞ்சம் உங்க காலுப் பக்கம் தள்ளிக்கறீங்களா? மேல வெச்சா பஸ் குலுங்கறதுல கைப்பிடி பிஞ்சுக்கும். வெறும் பேப்பருதானுங்க, ஆனா ஆயிரத்தி நானூறு பக்கம். கோயமுத்தூர் வரைக்கும் போகோணும். நீங்களும் அங்கதானா? காலேஜ்ல வாத்தியாருங்களா? என்ன பாடம்? இங்கிலீஷுங்களா! கடவுளாப் பார்த்து உங்களை எம் பக்கத்துல உக்கார வெச்சிருக்காருங்க. கடைசியில ஒரே ஒரு பக்கம் படிச்சுச் சொல்லோணும். இப்ப வேண்டாம். மொதல்ல நடந்ததைக் கேளுங்க, அப்பத்தான் படிக்கறப்ப உங்களுக்கும் வயிறு எரியும்.

எம்பேரு ஆறுச்சாமி. திருப்பூருல எம்ப்ராய்டரி மெஷின் மெக்கானிக். பேனல் ஆறுச்சாமின்னு கேட்டீங்கன்னா போன வருசம் வரைக்கும் எழுந்து நின்னு வழி காட்டுவாங்க. இப்பவும் காட்டுவாங்க, ஆனா ஒரு சிரிப்போட காட்டுவாங்க. அந்தச் சிரிப்புக்குக் காரணம் ஒரே ஒரு ஆளுங்க. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் கிருபாவதி டீச்சர். கூடப் பொறந்தவனாட்டம் இருந்தேன் அந்தம்மாவுக்கு. அண்ணா அண்ணான்னு கூப்புட்டுட்டே முதுகுல குத்தீட்டாங்க.

மொதல்ல இருந்து சொல்றேன். எங்கூர்ல கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் நெறைய. பன்னெண்டு தலை, பதினஞ்சு தலை, வரிசையா ஊசி குத்திட்டே போகும். அதுக்கு மூளை பக்கத்துல இருக்கற பேனலுதான். டிவி மாதிரி இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். மெஷின் செய்யறப்பவே அதுக்குள்ள ஒரு புரோகிராமை வெச்சுக் குடுத்தர்றாங்க, ஃபர்ம்வேர்ம்பாங்க. அதுல ஒரு கோளாறுங்க. கரண்ட் போய்த் திரும்பி வந்தா விட்ட எடத்துல தைக்காது, முப்பது நாப்பது தையல் தள்ளி ஆரம்பிக்கும். மயிலுக்குத் தலை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். பன்னெண்டு தலையிலயும் பன்னெண்டு மயிலு அப்படி நிக்கும். அத்தனை துணியும் குப்பைக்கு. நம்மூருல கரண்ட் எத்தனை தடவை போகுதுன்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா?

கம்பெனிக்குப் போன் பண்ணினா, "எங்க இன்ஜினியர் வரிசைப்படி வருவார்"ம்பாங்க. மூணு மாசம் ஆகும். வந்தா, பேனலைத் தொறக்கறப்ப எல்லாரையும் வெளியில போகச் சொல்லுவார். தொறப்பார், மூடுவார், சரியாச்சும்பார். அடுத்த கரண்ட் கட்டுல மறுபடியும் மயிலுக்குக் கழுத்துப் போயிரும். என்னதான் பண்றீங்கன்னு நாங்களும் பார்த்துக்கறோமேன்னு ஒரு நாள் கேட்டேன். "நீ மெக்கானிக், உனக்கெதுக்கு அதெல்லாம்"னார். அந்த வார்த்தை இன்னிக்கும் நெஞ்சுல நிக்குதுங்க. மெக்கானிக்னா அவ்வளவு எளப்பமா?

கம்பெனிக்கு இங்கிலீஷ்ல ஒரு கம்ப்ளைண்ட் அடிக்கலாம்னு டீச்சரம்மாகிட்டப் போனேன். மெஷின் மேனுவலையும் எடுத்துட்டுப் போனேன், மாடல் நம்பர் வேணுமில்லீங்க. அந்தம்மாவுக்கு ஒரு பழக்கம், காயிதம் எது கைக்கு வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிக்கறது. படிச்சுட்டு, "ஏனுங்ணா, கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருக்குதே, பார்த்தீங்களா?"ன்னாங்க. என்ன போட்டிருக்குதுன்னா, இந்தப் புரோகிராம் பல பேரு சேர்ந்து பொதுவுல எழுதுனதாம். கம்பெனி அதை எடுத்து மாத்திப் போட்டிருக்குதாம். அதனால யாரு லெட்டர் போட்டுக் கேட்டாலும் அதோட மூலத்தை, சோர்ஸ் கோடுங்கறாங்களே, அதை அப்படியே குடுத்தரோணுமாம். ரூல் அப்படி. படிச்சது அந்தம்மாதான், இல்லைங்கல. ஆனா அந்த மேனுவலை எட்டு வருசமாப் பத்திரமா வெச்சிருந்தது யாரு? நானு.

லெட்டர் போட்டோமுங்க. ரிஜிஸ்டர் தபால். பதில் இல்ல. மறுபடியும் போட்டோம். "தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது." மறுபடியும். "தங்களுக்கு இது எதற்குத் தேவை?" அதுக்கு டீச்சரம்மா நல்ல பதிலா ஒண்ணு அடிச்சாங்க. எதற்குத் தேவைன்னு கேக்கற உரிமை உங்களுக்கு இல்ல, குடுக்கற கடமை மட்டுந்தான் இருக்குதுன்னு. அடிச்சதுதான் அவங்க, நெனப்பு என்னுது. பதினொரு லெட்டருங்க. ஒவ்வொண்ணுக்கும் தபால்காரர் கொண்டாந்து குடுக்கற ரசீதை மெஷின் ரூம் செவுத்துல ஆணியடிச்சு மாட்டி வெச்சேன். கேட்டவனுக்குக் குடுக்கலைன்னா அது என்ன ஞாயம்? ஊரெல்லாம் அதையேதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

ஒன்றரை வருசம் கழிச்சு லாரி ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு, உங்க பேருக்குப் பார்சல்னு. ரெண்டு சாக்கு. பிரிச்சுப் பார்த்தா, இந்தப் பேப்பருங்க. ஒரு சீடியில போட்டு அனுப்பலாம், மெயில்ல அனுப்பலாம், அதையெல்லாம் உட்டுப்போட்டு பிரிண்ட் எடுத்து அனுப்பியிருந்தானுங்க! குடுத்த மாதிரியும் ஆச்சு, குடுக்காத மாதிரியும் ஆச்சு. ஸ்கேன் பண்ணியாச்சும் பார்க்கலாம்னா, ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்க கம்பெனி பேரைச் சாம்பல் கலர்ல பெருசா அடிச்சிருந்தானுங்க. ஸ்கேன்ல ஒண்ணும் தேறல. எத்தனை கெட்ட புத்தி பாருங்க! நான் அன்னிக்கு அந்த இன்ஸ்டிடியூட் வாசப்படியிலயே உக்கார்ந்துட்டேன்.

டீச்சரம்மாதான் வந்து ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தாங்க. "இதென்னங்ணா பிரமாதம், எங்க புள்ளைங்க அடிச்சுருவாங்க"ன்னாங்க.

அடிச்சாங்கதானுங்க. லோயர், ஹையர் பரிச்சைக்குப் படிக்கற முப்பத்தி நாலு பேரு. காலையில ஒரு பேட்ச், சாயங்காலம் ஒரு பேட்ச், எட்டுக் கம்ப்யூட்டருல மாத்தி மாத்தி நாலு மாசம். அதுல ஒரு கூத்து நடந்துச்சு. டைப்ரைட்டிங் பரிச்சையில புள்ளி வெச்சா ரெண்டு எடம் உடோணும், அடுத்த எழுத்தைப் பெருசா அடிக்கோணும். வெரலுக்கே பழகிப் போயிருக்கும். அந்தக் கோட்லயோ வார்த்தைக்கு நடுவுலயெல்லாம் புள்ளி வருது. இதுங்க ஒவ்வொரு புள்ளிக்கும் ரெண்டு எடம் உட்டு, பெரிய எழுத்துப் போட்டு, பரிச்சைக்கு அடிக்கற மாதிரியே சுத்தபத்தமா அடிச்சு வெச்சிருக்குதுங்க! டீச்சரம்மா வீட்டுக்காரர் பாலிடெக்னிக்ல லேப்ல இருக்கறார். அவர் அதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தறதுக்கு ஓட்டிப் பார்த்தா, நாலாயிரம் தப்புன்னு காட்டுது. திரும்பவும் மொதல்ல இருந்து சரி பார்த்தாங்க. அதுக்கு ஒரு மாசம்.

இன்னொண்ணுங்க. ஒவ்வொரு பக்கத்துத் தலையிலயும் ஒரே பாராவை மந்திரமாட்டம் போட்டிருந்தானுங்க. இதையெல்லாம் அடிக்க வேண்டாம் டீச்சரம்மா, நேரந்தான் வீணுன்னு சொன்னேன். "இருக்கறதை இருக்கறபடிதான் அடிக்கோணும்ங்ணா"ன்னு ஒரு எழுத்து உடாம ஆயிரத்தி நானூறு தடவை அடிக்க வெச்சாங்க. நான் அதைப் படிச்சதில்ல. நமக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும், பாராவா ஓடாது.

இப்பத்தான் என் வேலை வருது. இதை நல்லாக் கேட்டுக்கோங்க, ஏன்னா இதைத்தான் எல்லாரும் மறந்துட்டாங்க. கரண்ட் போறதைப் பத்திப் பதினேழு எடத்துல வருதுன்னு டீச்சரம்மா பக்கம் குறிச்சுக் குடுத்தாங்க. பக்கம் மட்டுந்தான் குடுத்தாங்க. அந்தப் பதினேழையும் ஒவ்வொண்ணா மாத்தி, மெஷின்ல ஏத்தி, மெயினை ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, மயிலைத் தெச்சுத் தெச்சுப் பார்த்து, ஆகாததைப் பழையபடி மாத்தி வெச்சது யாரு? ஒன்றரை மாசங்க. எழுத்துப் புரியலைன்னாலும் நம்பர் புரியுமில்லீங்க. நானூத்திப் பதினோராம் பக்கத்துல அம்பதுன்னு ஒரு நம்பர். அம்பது தையலுக்கு ஒருக்காத்தான் எங்க நிக்கறோம்னு பேனல் ஞாபகம் வெச்சுக்குது. நான் அதை ஒண்ணாக்கினேன். ஆஃப் பண்ணினேன், ஆன் பண்ணினேன். மயிலோட கொண்டை, உட்ட எடத்துல, உட்ட அதே நூலுல தெச்சுட்டுப் போச்சு. அழுதுட்டனுங்க. மெஷின் ரூம்ல தனியா நின்னு அழுதேன்.

அதுக்குப் பொறவு ஒரு வருசம் நான்தான் ராஜா. பல்லடம், அவிநாசி, பெருந்துறைன்னு எங்கெங்க இருந்தோ ஆளு வந்துச்சு. ஆனா ஒரு நம்பர்தானேன்னு யாரும் சொல்லிரக்கூடாது பாருங்க. அதனால ஏத்தறப்ப எல்லாரையும் வெளியில அனுப்பிச்சுருவேன். பேனலுக்குப் பாஸ்வேர்டு. ஆன் பண்ணுனதும் மொதல்ல வர்ற ஸ்கிரீன்ல 'ஆறுச்சாமி பேனல் சர்வீஸ்'னு என் பேரு. வேற மெக்கானிக் ஆரு கேட்டாலும் ஃபைலைக் குடுக்கல. நான் எதுக்குக் குடுக்கோணும்? அது என் ஒழைப்பு.

அப்பத்தான் டீச்சரம்மாவோட அக்கா பிரச்சனை வந்துச்சு. வடிவக்கா, சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையில இருக்கறாங்க. ஒத்தைத் தலை மெஷின் ஒண்ணு, அதே கம்பெனி. கல்யாணப் பொண்ணுகளுக்கு ரவிக்கையில எம்ப்ராய்டரி போட்டுத்தான் சீவனம். டீச்சரம்மா எங்கிட்ட வந்து, "அண்ணா, ஃபைலை மட்டும் குடுங்க, அங்கயே ஒரு மெக்கானிக் இருக்கறார், ஏத்திக்குவார்"னாங்க. ஃபைல் வெளியில போகாது டீச்சரம்மா, நானே வந்து ஏத்தித் தர்றேன், வரிசைப்படி வர்றேன்னு சொன்னேன். அன்னிக்கு எனக்கு மூணு வாரத்துக்கு ஆளு நின்னுட்டு இருந்துச்சுங்க, பொய் சொல்லல. "அவர் ஒருக்காப் பார்த்துக்கட்டுமேண்ணா"ன்னாங்க. அவர் மெக்கானிக்தானே, அவருக்கெதுக்கு அதெல்லாம்னு கேட்டேன். டீச்சரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. என்னத்துக்கு அப்படிப் பார்த்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

அந்த மூணு வாரத்துக்குள்ள அங்க கரண்ட் போயி, முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப ஒரு பொண்ணோட ரவிக்கை போச்சாம். பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்ல நின்னு பேசுன பேச்சுல வடிவக்கா அந்த மெஷினையே வித்துப்போட்டாங்களாம். நான் கேக்கறேன், கரண்ட் போனது என் தப்பா? நாஞ்சொன்ன தேதிக்கு, சொன்ன மணிக்குப் போய் நின்னேன். மெஷின் இருந்த எடத்துல நெல்லு மூட்டை அடுக்கியிருந்துச்சு. வடிவக்கா காப்பித் தண்ணி வெச்சுக் குடுத்தாங்க, குடிச்சுட்டு வந்தேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சுங்க. யாருக்குத்தான் இருக்காது.

ஒரு வாரத்துல எனக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா என் லெட்டர்! கம்பெனிக்கு நான் போட்டேன் பாருங்க, வார்த்தைக்கு வார்த்தை அதே லெட்டர். கம்பெனி பேரு இருந்த எடத்துல என் பேரு. கீழ கிருபாவதின்னு கையெழுத்து. நீங்க மாத்திக் குடுக்கற புரோகிராமோட மூலத்தைக் குடுங்கன்னு. தெனம் பார்க்கற ஆளுங்க! ரெண்டு தெரு தள்ளி இன்ஸ்டிடியூட். வாயில கேக்காம தபால்ல கேக்கறாங்க. ஏன், நேர்ல கேட்டா நான் குடுக்க மாட்டனா? சரி, குடுத்திருக்க மாட்டேன். ஆனா கேக்கற மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?

எனக்கும் வீம்பு வந்துருச்சு. குடுக்கறேன் பாருன்னு, ஆயிரத்தி நானூறு பக்கமும் பிரிண்ட் எடுத்தேன். குறுக்க 'ஆறுச்சாமி பேனல் சர்வீஸ்'னு சாம்பல் கலர்ல அடிச்சேன். ரெண்டு சாக்குல கட்டி ஆட்டோவுல ஏத்தி அனுப்பிச்சேன். நல்ல பாடம் கத்துக்கட்டும்னு அன்னிக்கு எனக்கு அத்தனை சந்தோசங்க.

அந்தம்மா என்ன பண்ணுனாங்க தெரியுமா? பழசு அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்குதில்ல, அடிச்சதே அவங்கதானே. புள்ளைங்களை ரெண்டு ரெண்டு பேரா உக்கார வெச்சு, ஒண்ணு படிக்கறது, ஒண்ணு சரி பார்க்கறதுன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அஞ்சாம் நாள் மத்தியானம் சிக்கிருச்சு. ஆயிரத்தி நானூறு பக்கத்துல, ஸ்கிரீன்ல வர்ற என் பேரையும் பாஸ்வேர்டையும் உட்டா, வித்தியாசம் ஒரே ஒரு எடம். அம்பது போயி ஒண்ணு. இன்ஸ்டிடியூட்ல சிரிச்ச சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டுச்சாம். அடுத்த நாள் வாசல்ல போர்டு. 'மெஷின் பேனல் புரோகிராம் இங்கே கிடைக்கும். பென்டிரைவ் கொண்டு வரவும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். மாற்றினால் மற்றவருக்கும் கொடுக்கவும்.' இன்டர்நெட்லயும் போட்டுட்டாங்க. ஊரு பூரா, பேனல் ஆறுச்சாமியோட ரகசியம் ஒத்தை நம்பரான்னு சிரிப்பு. ஒன்றரை மாசம் நான் தெச்ச மயிலை யாரு எண்ணுனாங்க?

அதோட உட்டுதா? சூரத்துல இருந்து ஒருத்தன் எழுதறான். தையலுக்குத் தையல் எழுதி வெச்சா மெமரி சீக்கிரம் தேஞ்சு போகும், கரண்ட் எறங்கறப்ப மட்டும் எழுதுனாப் போதும்னு, அவன் ஒரு திருத்தம் போட்டு அனுப்பறான். டீச்சரம்மா அதையும் சேர்த்துட்டாங்க. என் வேலையைத் திருத்தறதுக்கு அவன் யாருங்க? ஆமா, நான் ஏத்துன மெஷின்ல நாலஞ்சு மெமரி போச்சு, மாத்திக் குடுத்தேன், அது வேற. மொகம் தெரியாத ஆளு என் நம்பர் மேல கை வெக்கலாமா? இந்தத் தீபாவளிக்கு அந்தம்மா வீட்டுல இருந்து பலகாரமும் வரல. பதினாலு வருசமா வந்துட்டு இருந்துச்சுங்க. முறுக்கு நல்லா இருக்கும்.

அதான் கோயமுத்தூருல அந்தக் கம்பெனி ஆபீஸுக்கே போறேன். போன்ல பேசுனேன். அந்த மேனேஜர் இப்ப என்னை சார்ங்கறார். "வாங்க சார், ஆதாரம் கொண்டு வாங்க, வக்கீல் நோட்டீஸ் அனுப்பி நிறுத்திருவோம்"னார். பையில இருக்கறது அவங்க எனக்கு அனுப்புன ஒரிஜினல். என் சட்டைப் பையில இருக்கறது, டீச்சரம்மா இன்டர்நெட்ல போட்டதுல அந்த நானூத்திப் பதினோராம் பக்கம். கம்ப்ளைண்டை நான் கையிலதான் எழுதியிருக்கறேன். டைப் அடிச்சுக் குடுக்க ஆளில்ல பாருங்க.

இந்தாங்க. மடிப்பைப் பார்த்துப் பிரிங்க. இந்தப் பக்கத்தைத்தான் ஆதாரம்னு காட்டப் போறேன். என்னோட நம்பரைத் திருடி அவங்க பேருல போட்டுக்கிட்டாங்கன்னு கம்ப்ளைண்ட்ல எழுதியிருக்கறேன். இந்தப் பக்கத்துல இங்கிலீஷ்ல அப்படித்தான் இருக்குதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

என்னங்க, மேலயே படிச்சுட்டு இருக்கறீங்க? அது அந்த மந்திரங்க, எல்லாப் பக்கத்துலயும் வரும், அதை உட்டுருங்க. என்னது? அதுக்குக் கீழ ஒரு வரியா? எந்த வரி?

என் பேருங்களா?

இன்னொருக்காப் படிங்க. மெதுவா. தமிழ்ல சொல்லுங்க.

"கரண்ட் போனால் தையல் தள்ளிப் போகும் பிழையைக் கண்டுபிடித்துச் சரி செய்தவர் ஆறுச்சாமி, மெக்கானிக், திருப்பூர்." அப்படியா போட்டிருக்குது? தேதியும் இருக்குதா? ஆமாங்க, அந்தத் தேதிதான். அன்னிக்குத்தான் கொண்டை சரியா விழுந்துச்சு. ராத்திரி சாப்பாட்டுக்குக்கூடப் போகாம மொதல்ல அவங்ககிட்டத்தான் ஓடிப் போய்ச் சொன்னேன். ஞாபகம் வெச்சிருக்காங்க பாருங்க.

சூரத்துக்காரன் பேரும் இருக்குதா? மேலயா, கீழயா? கீழதானே. சரி.

இந்த வரி எப்பவும் இருக்குமா? இனி யாரு எத்தனை தடவை மாத்துனாலும் இதை எடுக்கக் கூடாதுன்னு அந்த மந்திரத்துல இருக்குதா? நெசமாவா?

பாருங்க, அப்ப அது என்னுதுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சு. மேனேஜர்கிட்ட இதைத்தான் மொதல்ல காட்டோணும். நல்ல ஆதாரமில்லீங்களா?

ஏனுங்க, அந்தம்மா பேரை எங்க போட்டிருக்காங்க? எழுதியிருக்கறேனில்ல, அவங்க பேருல போட்டுக்கிட்டாங்கன்னு. கிருபாவதி. கே-யில ஆரம்பிக்கும். இல்லைங்களா? அடியில பாருங்க. பின்பக்கம்?

நான் ஸ்கிரீன்ல என் பேரு மட்டுந்தானுங்க போட்டேன். அதுல எடமும் பத்தாது.

இன்னொருக்கா நல்லாப் பாருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்கயாச்சும் ஒரு மூலையில போட்டிருப்பாங்க. ஆயிரத்தி நானூறு பக்கம் அடிச்சவங்க, ஒரு எடத்துலகூடவா போட மாட்டாங்க?

எங்கயுமே இல்லீங்களா.

கருமத்தம்பட்டி வந்துருச்சு. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, அந்தப் பேப்பர் பறந்துறப் போகுது.